கன்னியாகுமரி டு வட்டக்கோட்டை: கடலில் ஒரு ரவுண்டு போகலாமா? கிளம்பும் முன் இதைப் படிச்சிடுங்க!

கன்னியாகுமரிக்குப் போய்வந்த எந்தக் குடும்பத்தின் போன் கேலரியைத் திறந்தாலும் நாலு படங்கள் கட்டாயம் இருக்கும். விவேகானந்தர் பாறை, 133 அடி திருவள்ளுவர், சங்கமத்தில் பேன்ட்டை மடித்துக்கொண்டு நிற்கும் அப்பா, கலர் மணல் பாக்கெட்டைப் பிடித்திருக்கும் பாட்டி. எல்லாமே கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்தவை. கடலில் இருந்து கரையைப் பார்த்து எடுத்த படம் பலரிடம் இருக்காது. பாறைக்குப் போகும் படகுப் பயணமே அரை கிலோமீட்டர்தான். லைஃப் ஜாக்கெட்டின் கிளிப்பை மாட்டி, பக்கத்தில் இருப்பவரிடம் "எந்த ஊர் நீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

நிதானமாக, கரையை ஒட்டியே கொஞ்ச தூரம் கடலில் போய்வர முடியாதா என்ற ஏக்கத்துக்கு 2023 மே மாதம் பதில் கிடைத்தது. பாறைக்குப் படகு விடும் அதே பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம், 'தாமிரபரணி', 'திருவள்ளுவர்' என்ற இரண்டு புதுப் படகுகளில் கன்னியாகுமரியில் இருந்து வட்டக்கோட்டை வரைக்கும் கடல் உலா தொடங்கியது. தாமிரபரணியில் ஏசி வசதியும் உண்டு. குமரி முனையில் இருந்து வடகிழக்கே கடலோரமாகவே போய், கோட்டைக்கு எதிரே கடலிலேயே திரும்பி வந்துவிடும். சாலை வழியே போனாலும் அந்தக் கோட்டை ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனால் சாலையில் போகிறவருக்கு, இந்தப் படகில் போகிறவர் பார்ப்பது எதுவும் தெரியாது.

வீக்எண்ட் பிளான் போடுகிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள் போகும் நாளில் படகு ஓடாமலும் போகலாம். அந்த ஏமாற்றத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்போகிறோம். அதற்கு முன்னால், ஓடினால் என்ன பார்க்கலாம்?

முதுகு காட்டும் திருவள்ளுவர்

படகுத் துறையை விட்டு நகர்ந்ததும் இடதுபுறம் வாவத்துறை. சுற்றுலா பஸ் வந்து நிற்கும் தெருக்களுக்கு ஒட்டினாற்போல இருக்கும் மீனவர் குடியிருப்பு. ஹோட்டல்களின் பின்புறமும், மீனவர் வீடுகளின் முன்புறமும் ஒரே பிரேமில் வருவது இங்கே இருந்து மட்டும்தான். அந்த வீடுகள் கடலைப் பார்த்துக் கட்டப்பட்டவை. ஊரின் முகம் எந்தப் பக்கம் என்பது கடலில் நிற்கும்போதுதான் புரிகிறது. வீடுகளுக்கு மேலே வெள்ளை வெளேர் என்று அலங்கார உபகார மாதா ஆலயத்தின் கோபுரம். ஜி.பி.எஸ். வருவதற்கு முந்தைய காலத்தில், கரைக்குத் திரும்பும் மீனவர்கள் கோபுரத்தையும் மலையையும் கோடு பிடித்துத்தான் தங்கள் ஊர்த் துறையைக் கண்டுபிடித்தார்கள்.

பின்னால் திரும்பிப் பார்த்தால் பாறை, சிலை, இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் கொண்ட இந்தப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பலர் இதை செல்ஃபி ஸ்பாட்டாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அது கட்டப்பட்டதற்குப் பின்னால் கடல் சார்ந்த காரணம் ஒன்று இருக்கிறது. திருவள்ளுவர் நிற்கும் பாறையைச் சுற்றி நீருக்கடியில் பாறைகள் அதிகம். நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் படகால் அங்கே போய் அணைய முடியாது. விவேகானந்தர் பாறைக்குப் படகு போகும், சிலைக்குப் போகாது என்பது கன்னியாகுமரியில் பல வருஷங்கள் சகஜமான செய்தி. இப்போது படகில் பாறைக்குப் போய், பாலத்தில் நடந்து அய்யனைப் பார்த்துவிடலாம்.

வடகிழக்காகப் படகு திரும்பியதும் மலை வருகிறது. 'மேற்குத் தொடர்ச்சி மலை குமரியில் முடிகிறது' என்று ஐந்தாம் வகுப்பில் படித்திருப்போம். எங்கே, எப்படி முடிகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. தூரத்தில் நீலமாகத் தொடரும் மலைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகி, கடைசியில் தனியாக ஒரு குன்று நிற்கும். அதுதான் மருத்துவாழ் மலை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது உடைந்து விழுந்த துண்டு என்று ஊரில் கதை சொல்வார்கள். மூலிகைகளுக்குப் பேர்போன மலை. அதற்கு வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகள். மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்த இடைவெளி வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வருவதால்தான் அங்கே அத்தனை காற்றாடிகள். அதே காற்று நம் படகையும் விட்டுவைக்காது. தொப்பி போட்டிருப்பவர்கள் ஜாக்கிரதை.

ஒரே மாவட்டம், இரண்டு தடைக்காலம்

பாதி வழியில் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம். வரிசையாக விசைப்படகுகள், வெளியே தனித்தனியாக ஃபைபர் வள்ளங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்குள் போனீர்கள் என்றால் எல்லா விசைப்படகும் துறைமுகத்துக்குள்ளேயே நெருக்கிக்கொண்டு நிற்கும். மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காகக் கிழக்குக் கடற்கரை முழுக்க விடப்படும் 61 நாள் தடைக்காலம் அது.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் இதில் ஒரு விசேஷம் உண்டு. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கரைக் கணக்கு. அதே மாவட்டத்தில் இருக்கும் முட்டம், குளச்சல் பக்கத்துக்கு மேற்குக் கரைக் கணக்கு, அதாவது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குள் இரண்டு தடைக்காலம்! மேற்குக் கரையில் ஆனி, ஆடி மாதத்துக் கொந்தளிப்பு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஆச்சரியமாக இருக்காது.

இந்தக் கரையில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் இருக்கிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான். வானிலை ஆப் இல்லாத காலத்தில் எந்தக் காற்று, என்ன வேகம், கடல் நிறம் எப்படி என்று பார்த்துத்தான் வள்ளத்தைத் தள்ளுவதா வேண்டாமா என்று முடிவெடுத்தார்கள். "இன்னைக்கு வேண்டாம்" என்று ஒரு மூத்தவர் சொன்னால் வலையைத் திரும்ப வைத்துவிடுவார்கள். அந்தச் சொல்லுக்கு அத்தனை மரியாதை. நம் சுற்றுலாக் கூட்டத்தில் அந்த மரியாதை எந்த அளவுக்கு இருக்கிறது?

"அலையே இல்லையே, ஏன் நிறுத்திட்டீங்க?"

டிக்கெட் கவுன்டர் பக்கம் அரை மணி நேரம் நின்றாலே பதில் தெரிந்துவிடும். சென்னையில் இருந்து 700 கிலோமீட்டர் ராத்திரி முழுக்க ரயிலில் வந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு "நாளைக்குப் போட்ல போறோம்" என்று ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருப்பார்கள். வந்து பார்த்தால் 'படகுப் போக்குவரத்து தற்காலிகமாக நிறுத்தம்' என்ற அறிவிப்பு. கடல் பார்வைக்குச் சாதுவாகத்தான் இருக்கும். கோபம் வராமல் என்ன செய்யும்? கவுன்டரில் இருப்பவர்தான் பாவம், அத்தனை பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

நிறுத்துவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். இரண்டு சுலபமாகப் புரிபவை. ஒன்று, காற்று, கொந்தளிப்பு. இரண்டாவது நீர்மட்டம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிட உள்வாங்கும். தண்ணீர் தாழ்ந்தால் படகின் அடிப்பகுதி பாறையில் தட்டும். அலையே இல்லாத நாளிலும் படகு நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இதில் நமக்கு ஒரு பிளானிங் டிப்ஸும் இருக்கிறது. டிக்கெட் போடும்போதே காலண்டரைப் பார்த்து அமாவாசை, பௌர்ணமி வீக்எண்டைத் தவிர்த்துவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும். (பௌர்ணமி அன்று மாலை சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் சேர்த்துப் பார்க்க வருகிறவர்கள், படகை மறந்துவிட்டு அதை மட்டும் ரசிக்கலாம்.)

மூன்றாவது காரணம்தான் ஆபத்தானது. அதன் பெயரே 'கள்ளக்கடல்'. மலையாள, குமரிக் கரை மீனவர்கள் வைத்த பெயர். திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் அப்படிப் பெயர். இந்தச் சொல்லை 2012-ல் யுனெஸ்கோவே அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. என்ன நடக்கிறது என்றால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அன்டார்க்டிகா பக்கத்தில், பெரும் புயல் வீசும். அது கிளப்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிச் சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். திடீரென்று கடல் பொங்கிக் கரையேறும். ஏப்ரல், மே மாதங்களில், அதாவது சரியாக நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையில், இது அதிகம்.

2024 மே 6 அன்று நடந்தது பலருக்கு நினைவிருக்கும். குமரி மாவட்டம் ராஜாக்கமங்கலம் அருகே லெமூர் கடற்கரையில் கடலில் இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது விடப்பட்டிருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முந்தின நாள் ஹோட்டல் ரிவ்யூ பார்க்கும் ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடத்தை இதற்கும் ஒதுக்கலாம்.

எனவே அறிவிப்புப் பலகையைப் பார்த்துக் கத்துவதற்கு முன், பாறையில் மாட்டிக்கொண்டவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி வந்தபோது விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள். படகுகள் போக முடியாத கடல். அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்ததில் உள்ளூர் மீனவர்களின் பங்கு பெரியது. தங்கள் சொந்த ஊர்களே நொறுங்கிக் கிடந்த நாளில் அதைச் செய்தார்கள்.

மூன்று படகுகள்

பயமுறுத்துவது நோக்கமில்லை. ஆனாலும் படகுச் சவாரி என்றதும் சில தேதிகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2009 செப்டம்பர் 30, தேக்கடி. 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கும் ஆவலில் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்தது படகு சாய்ந்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2011 டிசம்பர் 25, பழவேற்காடு. கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் படகில் போன உறவினர் கூட்டத்தில் 22 பேர் தண்ணீரில் போனார்கள். 2023 மே 7, கேரளத்தின் தானூர். ஞாயிற்றுக்கிழமை மாலை. மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றி, பொழுது சாய்ந்த பிறகும் ஓட்டிய சவாரி. இறந்த 22 பேரில் பெரும்பாலானவர்கள் குழந்தைகள்.

மூன்றுக்கும் இடையே பொதுவாக ஒன்று இருக்கிறது, கவனித்தீர்களா? எதுவும் புயலில் நடக்கவில்லை. அமைதியான தண்ணீரில், விடுமுறை மனநிலையில், கரைக்குப் பக்கத்திலேயே நடந்தவை. கடல் செய்த தவறு என்று எதையும் சொல்ல முடியாது. ஆள் எண்ணிக்கை, ஜாக்கெட், நேரம், எல்லாமே கரையில் நிற்கும்போதே சரிபார்த்திருக்கக்கூடியவை.

2024 டிசம்பர் 18 அன்று மும்பையில் நடந்தது வேறு மாதிரி. கேட்வே ஆஃப் இந்தியாவில் இருந்து எலிஃபென்டா தீவுக்கு நூறு பேருக்கு மேல் ஏற்றிச் சென்ற படகின் மீது, எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப் படகு மோதியது. 15 பேர் பலி. பயணிகள் எதுவும் தவறு செய்யவில்லை. ஆனால் தப்பு யார் மேல் இருந்தாலும், தண்ணீரில் விழுந்த பிறகு உடம்பில் மாட்டியிருப்பது மட்டும்தான் உதவும்.

ஜாக்கெட்டை இப்படி மாட்டணும்

கன்னியாகுமரி படகுகளில் ஏறும்போதே லைஃப் ஜாக்கெட் கொடுக்கிறார்கள். கொடுப்பது வரைதான் அவர்கள் வேலை. மாட்டுவது நம் கையில். நம்மவர்கள் அதைத் தோளில் சால்வை மாதிரி போட்டுக்கொள்வார்கள். சிலர் மடியில் வைத்துக்கொள்வார்கள். "வியர்வை நாத்தம்" என்று அம்மாக்கள் கர்ச்சீப் போட்டு அதன் மேல் உட்காருவதையும் பார்க்கலாம். பட்டுப்புடவை போட்டோவில் ஆரஞ்சு கலர் தெரியக் கூடாது என்று கழற்றி வைக்கிறவர்கள் தனி ரகம். ஈரமும் உப்பும் சேர்ந்து அந்த ஜாக்கெட்டுகள் நாறத்தான் செய்யும், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். நிர்வாகம் இன்னும் கொஞ்சம் அடிக்கடி வெயிலில் காயப்போட்டால் பாதிப் பேர் முகம் சுளிக்காமல் மாட்டிக்கொள்வார்கள்.

கிளிப் எல்லாவற்றையும் மாட்டி வாரை இழுத்து இறுக்குங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, இன்னொருவரைவிட்டு ஜாக்கெட்டின் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்வது. காது வரை ஏறி வந்தால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும், ஆள் கீழே நழுவிவிடுவார். குழந்தைகளுக்குத்தான் இது பெரிய பிரச்னை. பெரியவர் ஜாக்கெட்டை நாலு வயதுப் பிள்ளைக்கு மாட்டினால் அது கவசம் ஆகாது. சின்ன சைஸ் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பீச்சில் பட்டம் விடப் போங்கள். நிச்சயமாகச் சொல்கிறேன், பிள்ளைக்கு அது இன்னும் பிடிக்கும்.

ஏறியதும் ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா, வெளியே வரும் வழி எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்க வேண்டும், குறிப்பாக மூடிய ஏசி கேபினில் உட்காருகிறவர்களுக்கு. யாராவது "டால்பின்!" என்று கத்தினால் எல்லோரும் எழுந்து அந்தப் பக்கம் ஓடாதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தை நீட்டினால் போதும். இந்த அரசுப் படகைத் தாண்டி, "சார், தனியா வள்ளத்துல கூட்டிட்டுப் போறேன், கம்மி ரேட்" என்று யாராவது அழைத்தால், ஜாக்கெட் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பதிலிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

வாந்தி வருமே என்று பயப்படுகிறவர்களுக்கு: காலையில் வயிறு முட்டப் பூரி மசாலாவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். ரெண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படகின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு, அங்கே உட்காருங்கள். போனைப் பார்க்காமல் தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். மாத்திரை போடுவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பலன் இருக்காது.

வட்டமாக இல்லாத வட்டக்கோட்டை

லீபுரம் தாண்டியதும் தென்னைகளுக்கு நடுவே கருங்கல் மதில் கடலுக்குள் கால் வைத்தமாதிரி தெரியும். பெயர்தான் வட்டக்கோட்டை, அமைப்பு சதுரம் மாதிரிதான். கடலில் இருந்து வரும் எதிரியின் கண்ணுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை, படகில் வருகிற நாம்தான் சரியாகப் பார்க்கிறோம். மதில், அதற்குப் பின்னால் மலை, வேறெதுவும் இல்லை.

இதைக் கட்டியவர் கதை சினிமாவுக்கே கொடுக்கலாம். 1741-ல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்திய கம்பெனிப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். பிடிபட்டவர்களில் ஒருவர் யுஸ்டாசியஸ் டிலனாய். தோற்ற படையின் அதிகாரியைச் சிறையில் வைத்து வீணாக்காமல், தன் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்தார் மன்னர். டிலனாயும் விசுவாசமாக இருந்து 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கினார். பழைய கோட்டையாக இருந்த இதைப் புதுப்பித்துப் பலப்படுத்தியவர் அவர்தான். 1777-ல் இறந்த அவரது கல்லறை, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதன் மேல் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.

படகு கோட்டையில் நிற்காது என்பதால், கரைக்கு வந்து ஒரு ஆட்டோவோ காரோ பிடித்து மறுபடி வட்டக்கோட்டைக்கு வாருங்கள். படகு ஓடாத நாளிலும் இது உங்களுக்கு இருக்கிறது. தொல்லியல் துறையின் பராமரிப்பில், ஊர்க் கூட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அமைதியில் இருக்கும் இடம். சாய்தளம் வழியே மேலே ஏறலாம். பாட்டிகளுக்கும் சிரமம் இருக்காது. மதில் மேல் மீன் உருவங்கள் செதுக்கியிருப்பதைப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். பாண்டியர் தொடர்பைக் காட்டும் சின்னம் என்பார்கள். கீழே இறங்கினால் கறுப்பு மணல் கடற்கரை. தாதுக்கள் கலந்த மணல் என்பதால் அந்த நிறம். உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றிவிடாதீர்கள். கால் பொசுங்கிவிடும்.

பாறைக்கான படகுகள் வழக்கமாகக் காலை 8 மணியில் இருந்து மாலை 4 மணி வரை. வட்டக்கோட்டைக் கடல் உலாவின் நேரமும் கட்டணமும் சீசனைப் பொறுத்து மாறும் என்பதால், ஊருக்கு வந்து இறங்கியதும் படகுத் துறையில் கேட்டுக்கொள்வது நல்லது. கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும், வரிசை நீளும். வட்டக்கோட்டை மதில் மேல் மாலை வேளையில் நின்றால், சின்னமுட்டம் பக்கம் இருந்து சில வள்ளங்கள் ராத்திரித் தொழிலுக்குக் கிளம்பிப் போவதைப் பார்க்கலாம்.